எடைப்பாலம்

காந்தம் ஒன்று கொண்டுபோயிருந்தேன்,
குளிர்பெட்டிக் கதவிலிருந்து பிடுங்கிய
மாம்பழக் காந்தம்.
கதவில் வைத்தேன், விழுந்தது.
பானெட்டில் வைத்தேன், விழுந்தது.
"லேண்ட்ரோவர்லா, அலுமினியம், ஒட்டாது"
என்று சிரித்தார் ஹோக் லாய்.
தெரியும் எனக்கு.
குனிந்து அடிச்சட்டத்தில் வைத்தேன்.
அங்கேயும் விழுந்தது.
சிரிப்பு நின்றது.
தாரும் சாக்குத்துணியும் அப்பி
யாரோ இரும்பென்று சொல்லிவைத்த இடம்.
ஒன்பதாயிரம் சொன்னவர்
ஆறாயிரத்து இருநூறு வெள்ளிக்கு இறங்கியது
அந்த மாம்பழத்தால்.

லாபிஸுக்கு வெளியே செம்பனை ஆலையில்
எடைப்பாலத்துக் கிராணி நான்.
குலை ஏற்றிய லாரிகள்
என் சன்னலுக்குக் கீழே மூச்சிரைத்து நிற்கும்.
வந்த எடை, போன எடை,
நடுவில் உள்ளதுதான் காசு, சண்டை எல்லாம்.
இழுவை லாரி அதை இறக்கிய அன்று
பழக்கதோஷத்தில்
பாலத்தின்மேல் தள்ளச் சொன்னேன்.
ஆயிரத்து நானூற்று எண்பது கிலோ.
சீட்டில் சரக்கு என்ற கட்டத்தில்
என்ன எழுதுவதென்று தெரியாமல்
'இதர' என்று எழுதினேன்.

இரண்டு வருஷம்.
ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு வசவு.
ஆலை வெல்டர் ஜமாலுடின்
ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து சட்டத்தை ஒட்டினார்,
நான் சமைத்த மீன்கறிக்கும்
மிச்சத்தைக் கடனுக்கும்.
என் கை நுழையாத சந்துகளில்
மகள் யுகேஸ்வரியின் கை நுழையும்.
நட்டுக்கு ஐம்பது சென்.
555 புத்தகத்தில் அவள் கணக்கு தனி,
என்னைவிட ஒழுங்கு.
பின்சீட்டுக்கு அடியில் குளவிக்கூடு.
சட்டத்தின் பொந்துக்குள் கம்பி விட்டுக்
குத்தக் குத்த மண்,
சிவப்பு மண், கறுப்பு மண்,
கடைசியில் ஒரு ரப்பர் கொட்டை.
இந்தப் பக்கம் பால்மரம் சாய்ந்து
இருபத்தைந்து வருஷம் ஆகிறது.
முளைக்குமா என்றாள்.
தயிர் டப்பாவில் ஊன்றி வைத்தாள்.
முளைக்கவில்லை.

இரண்டாம் கியரில் அதற்கு ஓர் ஊளை உண்டு,
தேய்ந்த பல்லின் ஊளை.
மாற்றியிருக்கலாம்.
அசல் அசலாகவே இருக்கட்டுமென்று
பெருமைக்கு விட்டுவைத்தேன்.

ஊருக்குள் எடுத்த முதல் காலை,
காப்பிக்கடை வளைவு.
இரண்டுக்கு மாற்றினேன்.
எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த அங்கப்பன்
சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தார்.
எழுந்தார்.
திறந்திருந்த மேல்பொத்தானைப் போட்டார்.
அப்புறம்தான் திரும்பிப் பார்த்தார்.
நான்,
பூப்போட்ட சுடிதாரில்.

கிராண்ட்டில் முதல் உரிமையாளர் என்ற இடத்தில்
தோட்டக் கம்பெனியின் பெயர் இருந்தது.
படித்திருந்தேன்.
தேதியைத்தான் பார்த்தேன், எவ்வளவு பழசு என்று.

"யாரோன்னு நெனச்சேன்" என்றார்,
இன்னும் உட்காராமல்.
எதற்கென்று தெரியாமல்
மன்னிப்பு வாய்வரை வந்தது.
"ஏறுங்களேன், ஒரு சுத்து" என்றேன்.
"வேணாம்மா. நம்மாளு இதுல ஏறுனா
ஆஸ்பத்திரிக்குத்தான்,
இல்லேன்னா டேசனுக்கு."
சொல்லிவிட்டுக் காப்பியை எட்டிப் பார்த்தார்.
ஈ விழுந்திருந்தது.
இன்னொன்று சொல்லிவிட்டு
பொத்தானை அவிழ்த்துக்கொண்டார்.

லாரி இல்லாத ஒரு மதியம்
பாலத்தில் ஏற்றி நிறுத்தினேன்.
சன்னலிலிருந்து யுகேஸ்வரி கத்தினாள்,
ஆயிரத்து நானூறு!
புது இரும்பு இத்தனை வைத்தும்
எண்பது குறைவு.
மண், துரு, குளவிக்கூடு என்று
விரல் விட்டேன், நிரம்பவில்லை.
"அம்மா, மொதல்ல நீங்க எறங்குங்க,
உங்களையும் சேத்துல்ல காட்டுது" என்றாள்.

இப்போதெல்லாம் அந்த வளைவில் மட்டும்
மூன்றாம் கியரை மாற்றுவதில்லை.
எஞ்சின் திணறி உதறுகிறது,
கதவெல்லாம் கடகடக்கிறது.
இத்தனை செய்தும் உனக்கு
ஓட்டத் தெரியவில்லையே என்கிறார் ஜமாலுடின்.
ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன்.